கோடிட்டு அடிக்கலாம், அழிக்கக் கூடாது

கடந்த மாதம் என் காரை விற்றேன். பெங்களூருவில் பழைய கார் ஒன்று கைமாறுவது செய்தியன்று. ஆனால் நான் விற்றது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருந்த கார் அன்று. என் பணத்தைச் செலவிட்டு நானே மாற்றியமைத்தது. அதை விற்க முயன்ற மூன்று மாதங்களில் ஒரு விந்தையான நிலையில் வந்து நின்றேன். உண்மையைச் சொன்னால் சட்டப்படி எனக்குக் கேடு. சொல்லாதிருந்தால் வாங்குபவருக்குக் கேடு. இந்த நிலை எனக்கு மட்டும் உரியதன்று என்பதாலும், இடையில் நான் செய்த ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதாலும் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. ஜப்பானிய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நிசான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் ஆகியவையே பலருக்கும் நினைவுக்கு வரும். அவற்றுள் எவல்யூஷன் இந்தியாவிலும் விற்கப்பட்டது. எனினும் அது செல்வர் வீட்டுப் பொருள். என்னைப் போன்றவர்களுக்கு எட்டிய ஜப்பானிய டர்போ, மாருதி சுசூகி 2017 மார்ச்சில் வெளியிட்ட பலேனோ ஆர்.எஸ். 998 கன செ.மீ. கொள்ளளவு, மூன்று சிலிண்டர், 102 குதிரைத்திறன், 950 கிலோ எடை, நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஸ்கைலைன் அன்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்தியாவில் தயாரான பலேனோ 2016 முதல் ஜப்பானுக்கே கப்பலேறிச் சென்றது என்பதையும் அவர்கள் அறிந்துகொள்ளட்டும். பி.எஸ். 6 மாசு விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வருமுன் ஆர்.எஸ். சந்தையிலிருந்து மறைந்தது. ஆய்வுக்கு வருவதற்கு முன் மென்பொருள் வேலையில் சேர்த்த பணத்தில், இரண்டாண்டுகள் ஓடிய ஆர்.எஸ். ஒன்றை 2019-இல் வாங்கினேன்.

இந்நகருக்கும் டர்போவுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு; ஆகவே, காற்றைத் தானாக உறிஞ்சும் சாதாரண எஞ்சின் இங்கு ஏறத்தாழ அதே அளவு வலுவை இழக்கிறது. டர்போ அவ்வாறன்று. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரம் சுழல, அதனோடு ஒரே அச்சில் இணைந்த மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. வெளிக்காற்றின் மெலிவை அது பெருமளவு ஈடுசெய்துவிடுகிறது. சில்க் போர்டு நெரிசலில் மணிக்கணக்கில் ஊர்ந்தபோதும் சரி, ஞாயிறு அதிகாலைகளில் நந்தி மலை ஏறியபோதும் சரி, அந்தச் சிறிய எஞ்சின் எனக்கு மகிழ்ச்சியையே தந்தது. ஆய்வகம், காய்கறிக் கடை, மருத்துவமனை, இரவில் ஊருக்குப் புறப்படும் நண்பர்களைப் பேருந்து ஏற்றிவிடுவது என எல்லாவற்றுக்கும் அதுதான் வண்டி. வார இறுதிக்கென்று தனியே பேணிய பொருளன்று அது.

பிறகு அதை மாற்றத் தொடங்கினேன். காற்று வடிகட்டி, புகைக்குழாய், வண்டியைச் சற்றுத் தாழ்த்தும் சுருள்வில்கள், அகலம் கூடிய டயர்கள், இறுதியாக ஈ.சி.யு. எனப்படும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியின் மென்பொருள். எவ்வளவு காற்றழுத்தம், எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்பவற்றையெல்லாம் அந்த மென்பொருளில் உள்ள அட்டவணைகளே முடிவு செய்கின்றன. இந்தத் தொழிலில் இருப்போர் அதை ‘மேப்’ என்பார்கள். அதைத் திருத்தி எழுதுவது ‘ரீமேப்’. இது மாயமன்று. இதே எஞ்சினை சுசூகி ஐரோப்பாவில் 111 குதிரைத்திறனுடன் விற்றது. என் வண்டிக்கு மேப் எழுதியவர் 125 வரும் என்றார். அளந்து பார்க்கவில்லை, ஆனால் ஓட்டினால் தெரிந்தது.

தெரியாதது மற்றொன்று. கூடுதல் அழுத்தம் என்றால் கூடுதல் வெப்பம். பிஸ்டன், தாங்கிகள், கிளட்ச், டர்போவின் அச்சு ஆகிய எல்லாவற்றின் மேலும் கூடுதல் சுமை. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாக எரிபொருளைத் தெளிக்கும் இத்தகைய சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் முழு விசையைக் கேட்கும்போது, கலவை தீப்பொறிக்கு முன்பே பற்றிக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு. அது பிஸ்டனையே உடைக்கக்கூடியது. அதைக் கட்டுப்படுத்தும் எஞ்சின் எண்ணெய்த் தரமொன்று 2018-இல்தான் வந்தது. நான் அந்த எண்ணெயையே ஊற்றினேன்; 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினேன்; ஒவ்வொரு ரசீதையும் வைத்திருந்தேன். ஆயினும் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் அந்த எஞ்சின், அதைச் செய்தவர்கள் இந்தியாவுக்கென்று வகுத்த எல்லைக்கு அப்பால் உழைத்தது. இக்கட்டுரையின் மையம் இந்த 40,000 கிலோமீட்டர்தான்.

உதவித்தொகை முடிந்து நகரைவிட்டுப் பெயரும் வேளை வந்தது. எங்கு விசாரித்தாலும் ஒரே அறிவுரை. ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பர் சொன்னார்: “எல்லாத்தையும் கழட்டிப் பழையபடி மாட்டுங்க சார். கழட்டினதைத் தனியா வித்துக்கலாம். கம்பெனி மேப்பைத் திரும்ப ஏத்திடுங்க. யாருகிட்டயும் வாயைத் திறக்காதீங்க.” மேப் எழுதியவரும் அதையே சொன்னார். பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வாளர் இன்னும் வெளிப்படையானவர்: “மாடிஃபைடுன்னு எழுதினா எங்க சிஸ்டம் எடுக்காது. எழுதலைன்னா பிரச்சினை இல்லை.” கழற்றி மாட்டியபின் அவர் ஒரு கருவியைச் செருகிப் பார்த்தார். குறை ஏதுமில்லை என்று கருவி சொன்னது. கருவி பொய் சொல்லவில்லை; அந்த நாளில் குறை ஏதும் இல்லை. அதனிடம் யாரும் வரலாற்றைக் கேட்கவில்லை, அவ்வளவே.

பொருளியல் பயின்ற நண்பர்களுக்கு இந்நேரம் ஜார்ஜ் அக்கர்லோஃப் நினைவுக்கு வந்திருப்பார். 1970-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. இந்தியக் கடன் சந்தைகளும் அதில் இடம்பெறுகின்றன. வண்டியின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லா வண்டியையும் சராசரி வண்டியாகவே மதித்து விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். நல்லவை விலக விலகச் சந்தையில் பழுதானவையே மிஞ்சும். 2001-இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு அடிப்படை இந்தச் சிந்தனையே.

மாற்றியமைத்த காரில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. விற்பவர் இங்கு ஒளிப்பது குறையை மட்டுமன்று. தாம் செய்த நன்மையையும் சேர்த்தே ஒளிக்கிறார். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியதற்கான ரசீதைக் காட்டினால், “ஏன் இவ்வளவு அடிக்கடி?” என்ற கேள்வி வரும். ஆகவே ரசீதும் ஒளிக்கப்பட வேண்டும். கவனமாகப் பேணியவரும் கண்மூடித்தனமாக ஓட்டியவரும் ஒரே மௌனத்துக்குள் நுழைந்துகொள்கிறார்கள். வாங்குபவரால் இருவரையும் பிரித்தறிய முடிவதில்லை.

இந்த மௌனத்தைப் பேராசை மட்டும் உண்டாக்கவில்லை. அதில் சட்டத்துக்கும் பங்குண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் காட்டியிருந்த நெகிழ்வை நீக்கி, இந்தப் பிரிவைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம் 182ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும். என் வண்டியில் ஐந்து மாற்றங்கள். ஐந்தும் இப்பிரிவுக்குள் அடங்கும் என்று கொண்டால் 25,000 ரூபாய். வாங்க வருபவரிடம் நான் எழுதித் தரும் நேர்மையான பட்டியல், சட்டத்தின் பார்வையில் என் கையொப்பத்துடன் கூடிய குற்ற ஒப்புதல்.

சிறிது விளக்கம் தேவை. சட்டம் எல்லா வழிகளையும் அடைத்துவிடவில்லை. எரிவாயுக் கருவி பொருத்தலாம். உரிய ஒப்புதலுடன் நிறம் மாற்றலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வண்டியைத் தகவமைக்கலாம். ஆனால் சுருள்வில்லையோ புகைக்குழாயையோ மேப்பையோ மாற்றிய ஒருவர், “இதைச் சோதித்துப் பாருங்கள், பாதுகாப்பானதென்றால் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் கழற்றச் சொல்லுங்கள்” என்று சென்று நிற்க நடைமுறையில் ஒரு சன்னல் இல்லை.

இனி நான் சொல்ல வந்த பிழைக்கு வருகிறேன்.

அறிவுரைப்படி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு விளம்பரம் கொடுத்தேன். மாற்றங்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. இரண்டாம் வாரம் தருமபுரியிலிருந்து ஒரு தந்தையும் மகனும் வந்தார்கள். மகன் பொறியியல் இறுதியாண்டு. தந்தை அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் குனிந்து வண்டியின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகன் உள்ளே அமர்ந்து, முன்பு அழுத்தமானி பொருத்தியிருந்த இடத்தில் எஞ்சியிருந்த சிறு துளையைக் கண்டுகொண்டான். “அண்ணா, இது ரீமேப் பண்ணின வண்டியா?” என்று மெல்லக் கேட்டான்.

“இப்ப கம்பெனி மேப்தான் இருக்கு, தம்பி” என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அது பொய்தான். ‘இப்ப’ என்ற சொல்லுக்குள் நான்கு ஆண்டுகளை மறைத்தேன். ஆய்வுக் கட்டுரைகளில் இவ்வகை வாக்கியங்களை நாம் அடிக்கடி காண்கிறோம். மதிப்பீட்டாளர்களாக அமர்ந்து அவற்றைக் கண்டிக்கவும் செய்கிறோம்.

தந்தை எழுந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். “டீசல் எஞ்சின்னா சத்தத்தைக் கேட்டே சொல்லிடுவேன் தம்பி. இது எனக்குப் புதுசு, ஒண்ணும் தெரியல. நீங்க எதுவும் சொல்லலைன்னா நல்லாத்தான் இருக்குதுன்னு எடுத்துக்கறேன்” என்றார்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ஐப் படித்தவர்கள் இவ்விடத்தில் திடுக்கிடுவார்கள். எனக்கு அது அன்றிரவுதான் உறைத்தது. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு எது மோசடி என்பதை வரையறுக்கிறது. வெறும் மௌனம் மோசடியாகாது என்பது அதன் பொதுவிதி. அதை விளக்க அது எடுத்துக்கொள்வது ஒரு குதிரை விற்பனையை. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் ஏலத்தில் வாய் திறவாமல் விற்றால் அது மோசடியன்று. ஆனால் வாங்குபவர், அண்மையில் வயது நிரம்பிய அவருடைய மகளாக இருந்தால், அந்த உறவே சொல்லும் கடமையை உண்டாக்கிவிடுகிறது. மூன்றாவது எடுத்துக்காட்டு: “நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமாக உள்ளதென்று கொள்வேன்” என்று வாங்குபவர் சொல்லிவிட்டால், அதன்பின் விற்பவரின் மௌனம் பேச்சுக்கு ஈடாகும்.

சட்டப் புத்தகம் எதையும் திறக்காமலே அந்தப் பெரியவர் மூன்றாவது எடுத்துக்காட்டைச் சொல்லிவிட்டார். அவருடைய மகன் என்னை ‘அண்ணா’ என்றழைத்ததன் வழியாக, அதுவும் அறியாமலே, இரண்டாவதன் வாசலில் என்னை நிறுத்தியிருந்தான். முகமறியாத ஒருவரை அண்ணா, தம்பி, அக்கா, ஐயா என்று அழைத்துத்தான் தமிழர் வணிகம் பேசுகிறோம். அந்த அழைப்பு வெறும் வழக்கம் என்று தள்ளிவிடலாம். சட்டம் அதை உறவென்று ஏற்காதுதான். எனினும் அழைத்தவர் அதன் பயனை எதிர்பார்த்தே அழைக்கிறார். அதை ஏற்றுப் பதில் சொன்னவர் பிறகு ஏலக்காரரைப் போல் நடந்துகொள்ள முடியாது.

அங்கேயே சொன்னேன். எந்தப் பாகங்கள், எவ்வளவு காலம், எத்தனை கிலோமீட்டர், மேப்பினால் எந்த உறுப்புக்குச் சுமை என்பதையெல்லாம் சொன்னேன். கோப்பை எடுத்து வந்து ரசீதுகளைக் காட்டினேன். இன்னொன்றும் சொன்னேன்: இப்போது பெட்ரோல் நிலையங்களில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருள், 2017-இல் செய்த இந்த வண்டி அதற்கென்று வடிவமைக்கப்பட்டதன்று, எரிபொருள் செல்லும் ரப்பர்க் குழாய்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மகனின் முகம் மலர்ந்தது. “அண்ணா, அந்த மேப் ஃபைல் இன்னும் இருக்கா? அதையே போட்டுக் கொடுத்துடுங்களேன்” என்றான். தந்தை அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆனா இதைக் கேட்டப்புறம் இவனுக்கு வாங்கிக் கொடுக்க எனக்கு மனசு வரல” என்றார். தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

இந்த முடிவை நான் மாற்றிச் சொல்ல விரும்பவில்லை. நேர்மைக்கு உடனே பரிசு கிடைக்கும் என்ற கதை இதுவன்று. அதன்பின் விளம்பரத்திலேயே எல்லாவற்றையும் எழுதினேன். அழைப்புகள் குறைந்தன. வந்தவர்களிற் பலர் அந்தப் பட்டியலையே காட்டி விலையைக் குறைத்தார்கள். இறுதியில் மைசூருவில் வாகனத் துறையில் பணியாற்றும் ஒருவர், முதலில் எதிர்பார்த்ததைவிட 60,000 ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டார். அவர் அரை மணி நேரம் வண்டியைப் பார்த்தார். ரசீதுகளை ஒன்றரை மணி நேரம் பார்த்தார். அறியாமல் வாங்காதவர், அறிந்து வாங்கியவர் என்று இருவரையுமே நான் ஏமாற்றவில்லை என்பது மட்டும் மிச்சம்.

இதிலிருந்து நான் பெற்ற கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றத்தை நீக்கலாம், மாற்றத்தின் வரலாற்றை நீக்கக் கூடாது. பழைய பாகங்களைத் திரும்ப மாட்டுவதால் வண்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. மென்பொருளை மீட்கலாம், 40,000 கிலோமீட்டர் கூடுதல் சுமையைத் தாங்கிய உலோகத்தை மீட்க முடியாது. ‘கம்பெனி கண்டிஷன்’ என்று சந்தை சொல்லும் அந்தச் சொல், இருக்கும் நிலையைச் சொல்வதாகத் தோன்றிக்கொண்டே கடந்துவந்த பாதையை அழிக்கிறது.

நமக்குப் பழகிய ஒன்றோடு இதை ஒப்பிடலாம். ஆய்வகத்தில் முதல் நாள் நமக்குச் சொல்லித் தருவது என்ன? குறிப்பேட்டில் பிழையாக எழுதியதை அழிக்காதே; வெள்ளை மை பூசாதே; பக்கத்தைக் கிழிக்காதே. ஒற்றைக் கோடிட்டு அடித்து, அருகில் திருத்தம் எழுதி, நாளிட்டுக் கையொப்பமிடு. அடித்தது கீழே படிக்கத் தெரிய வேண்டும். பிழை செய்ததற்காக அந்தக் குறிப்பேடு மதிப்பிழப்பதில்லை. பிழையைக் காட்டாதபோதுதான் மதிப்பிழக்கிறது. ஒரு காரின் ஆவணத்துக்கும் இதே ஒழுக்கம் பொருந்தாதென்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை.

எதிர்வாதங்களை அறிவேன். அவற்றுள் வலுவானது இது: பொதுச்சாலை எவருடைய சோதனைக் கூடமும் அன்று. நள்ளிரவில் வெடிச்சத்தமிடும் புகைக்குழாய்களால் உறக்கமிழந்த நகரவாசி ஒருவர் என் கட்டுரையைப் படித்தால், “சட்டத்தை இன்னும் இறுக்குங்கள்” என்றே சொல்வார். காவல்துறையினர் அத்தகைய குழாய்களை வரிசையாக அடுக்கிச் சாலை உருளையால் நசுக்கும் படங்கள் வரும்போது மக்கள் மகிழ்வதில் வியப்பில்லை. அந்தத் தந்தையின் அச்சமும் அதுதான். இருபத்தொரு வயது மகனின் கையில் கூடுதல் வலுவைக் கொடுக்க அவர் தயங்கியது முற்றிலும் நியாயம். நானும் தெரிந்தே சட்டத்தை மீறினேன். என் வண்டி எவருக்கும் தீங்கு செய்யவில்லை என்பது என் நற்பேறு, வாதமன்று. காப்பீட்டு நிறுவனத்துக்கும் நான் மாற்றங்களைத் தெரிவிக்கவில்லை. விபத்து நேர்ந்திருந்தால் இழப்பீடு மறுக்கப்பட்டிருக்கலாம். அதன் விளைவைச் சுமந்திருக்கக்கூடியவன் நான் மட்டுமல்லன்.

ஆனால் இந்த வாதங்கள் அனைத்தும் மாற்றங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்கே சான்றாகின்றன. மறைக்கச் செய்ய வேண்டும் என்பதற்கு அல்ல. முழுத் தடை மாற்றங்களை ஒழித்துவிட்டதா? பெங்களூருவின் எந்தப் பகுதியிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் நின்றால் விடை தெரியும். ஒழிந்தது மாற்றமன்று, மாற்றம் பற்றிய பேச்சு. ஆபத்தான மாற்றமும் தீங்கற்ற மாற்றமும் ஒரே இருளில் கிடப்பதால், ஆபத்தானதைத் தனியே பிடிக்க அரசாலும் முடியவில்லை.

பிற நாடுகள் வேறு வழியில் சென்றுள்ளன. ஜெர்மனியில் சுருள்வில்லை மாற்றினாலும், டியூவ் போன்ற ஏற்புபெற்ற தொழில்நுட்ப அமைப்பொன்று அதைச் சோதித்துச் சான்றளிக்க வேண்டும். தேவையானபோது அது வண்டியின் ஆவணத்திலேயே பதிவாகும். ஜப்பானில் ‘ஷாக்கென்’ என்னும் கடுமையான கட்டாயப் பரிசோதனை உண்டு. அங்கும் நெடுங்காலம் மாற்றங்களுக்கு இறுக்கமான தடைகள் இருந்தன. 1995-இல் அவற்றைத் தளர்த்தி, எவற்றை அறிவிக்காமல் மாற்றலாம், எவற்றை மாற்றினால் மறுபரிசோதனை வேண்டும் என்று பிரித்தார்கள். அந்நாட்டின் வரலாற்றில் வேறொரு பாடமும் உண்டு. 1989 முதல் 2004 வரை ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் எந்தக் காரின் வலுவையும் 280 குதிரைத்திறனுக்கு மேல் அறிவிப்பதில்லை என்று தங்களுக்குள் இணங்கியிருந்தார்கள். பல கார்கள் உண்மையில் அதைத் தாண்டின. ஆனால் காகிதத்தில் 280 என்றே இருந்தன. அறிவிக்கும் எண்ணுக்கு மட்டும் வரம்பு விதித்தால், எண்தான் வரம்புக்குள் நிற்கும், எஞ்சின் நிற்பதில்லை. பெரும் நிறுவனங்களே அப்படி நடந்துகொண்டபோது, என்னைப் போன்ற தனியொருவர் ‘இப்ப கம்பெனி மேப்தான்’ என்று சொல்வதில் வியப்பென்ன?

ஆகவே என் கோரிக்கை பெரியதன்று. முதலாவதாக, ஒலி, புகை, பிரேக், உயரம் ஆகியவற்றைச் சோதித்துப் பாதுகாப்பான மாற்றங்களைப் பதிவுச் சான்றில் ஏற்றித் தரும் ஒரு வழி வேண்டும். வாகனச் சோதனைக்கென்று புனே, மானேசர் போன்ற இடங்களில் ஏற்புபெற்ற நிறுவனங்கள் நம்மிடம் உள்ளன. தானியங்கித் தகுதிச் சோதனை நிலையங்களும் நாடெங்கும் அமைக்கப்பட்டு வருகின்றன. நாட்டின் வாகனப் பதிவுகள் ‘வாகன்’ என்னும் ஒரே தரவுத்தளத்தில் இருக்கின்றன. தேவைப்படுவது அதில் ஒரு கட்டம் மட்டுமே. இரண்டாவதாக, மாற்றத்தை நீக்கிவிட்டு, அதன் வரலாற்றைத் தாமாக முன்வந்து அறிவிப்பவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு வேண்டும். வரி நிலுவைகளுக்கு இவ்வகைச் சலுகைத் திட்டங்களை அரசு பலமுறை அறிவித்திருக்கிறது. உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த தகவலுக்கு ஏன் கூடாது?

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. விற்பவர்கள் மூன்று செயல்களை இன்றே செய்யலாம். சாலைக்கு ஒவ்வாதவற்றை நீக்கிவிட்டு விற்கலாம். நீக்கியவற்றின் பட்டியலையும், அவை இருந்த காலத்தையும், பராமரிப்பு ரசீதுகளையும் வாங்குபவரிடம் ஒப்படைக்கலாம். மூன்றாவது, 29, 30-ஆம் படிவங்களில் கையொப்பமிட்டுக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று இராமல், உரிமை மாற்றத்தைப் பதினான்கு நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவித்து, பெயர் மாறியதா என்று பார்த்துவிடலாம். 2018-இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது தெளிவானது: பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், வண்டி பலர் கை மாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில்தான் விழும். மாற்றியமைத்த வண்டியை விற்றவர் இதை இரட்டிப்புக் கவனத்துடன் நினைவில் கொள்ள வேண்டும்.

வண்டி மைசூருவுக்குப் புறப்பட்ட மாலை, புதிய உரிமையாளர் ரசீதுக் கோப்பை முன்னிருக்கையில் வைத்துக்கொண்டார். அதன் முதல் தாளில் ஐந்து மாற்றங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் மேலும் ஒற்றைக் கோடிட்டு, கழற்றிய நாளைக் குறித்துக் கையொப்பமிட்டிருந்தேன். சட்டப்படி அந்தத் தாள் என்மீது குற்றம் சாட்டக்கூடியது. தெரிந்தேதான் கொடுத்தேன். தருமபுரிக்குத் திரும்பிச் சென்ற அந்தப் பெரியவரிடம் முதல் நிமிடத்திலேயே கொடுத்திருக்க வேண்டிய தாள் அது.